வாணிகத்தை முடிக்கும் முறை

ஒரு கடையைத் திறப்பதற்கு நல்ல நாள் பார்க்கிறோம். வாயிலில் மாவிலைத் தோரணம் கட்டுகிறோம். உற்றார் உறவினரை அழைத்துப் புதுக் கணக்கு எழுதுகிறோம். அதே கடையை மூடும்போதோ ஒருவரையும் அழைப்பதில்லை. ஒரு நாள் மாலையில் பூட்டு விழுகிறது. அத்துடன் எல்லாம் முடிந்துவிட்டதாக எண்ணிக்கொள்கிறோம். சட்டத்தின் பார்வை இதற்கு நேர்மாறானது. மூடும் நாளில்தான் அதன் கேள்விகள் தொடங்குகின்றன. முடித்துவிட்ட செய்தியை யாருக்கெல்லாம் அறிவித்தாய்? கொடுக்க வேண்டியவற்றை எந்த வரிசையில் கொடுத்தாய்? இனி உன்மீது எவருக்கும் பாத்தியதை இல்லை என்பதற்கு என்ன சான்று? இம்மூன்று கேள்விகளும் ஒரே நாளில் எழுந்தவை அல்ல. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாகப் பலருடைய இழப்பினாலும் கண்ணீரினாலும் நம் நாட்டுச் சட்டம் அவற்றைக் கற்றுக்கொண்டது. அந்த வரலாற்றையே இங்கே காண்போம்.

பலர் முதல் போட்டுக் கூட்டாக வாணிகம் செய்வது நம் நாட்டில் மிகப் பழைய வழக்கம். மனு ஸ்மிருதி வழக்குகளைப் பதினெட்டு வகையாகப் பிரிக்கிறது. கூட்டு முயற்சி அவற்றுள் ஒன்று. இலாப நஷ்டங்களைப் போட்ட முதலுக்கு ஏற்பவோ, செய்துகொண்ட உடன்படிக்கையின்படியோ பங்கிட வேண்டும் என்கிறார் யாக்ஞவல்கியர். வஞ்சனை செய்யும் பங்காளியை இலாபம் கொடாமல் விலக்கலாம் என்பதும் அவர் கூறும் விதி. எனினும், நொடித்துப்போன வாணிகன் கடனிலிருந்து மீண்டு மறுபடியும் தலைநிமிர்வதற்கான வழி அந்நூல்களில் தெளிவாக இல்லை. தந்தையின் கடனைத் தீர்ப்பது மகனுடைய அறக்கடமை என்று கருதப்பட்டதால், ஒரு கடையின் வீழ்ச்சி அடுத்த தலைமுறையின் வாசலிலும் வந்து நின்றது. இந்த அறக்கடமையைக் காட்டி மகன்மீது வழக்குத் தொடரும் உரிமையை, பின்னர் ஏற்படும் கடன்களைப் பொறுத்தவரை, 2005ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டமே நீக்கியது என்பதை எண்ணிப் பார்த்தால், அக்கருத்து எவ்வளவு காலம் வேரூன்றி நின்றது என்பது விளங்கும்.

வட நாட்டுச் சந்தைகளிலிருந்து நமக்கு வந்த சொல் 'திவால்'. கடன் தீர்க்க இயலாத வாணிகன் பட்டப்பகலில் தன் கடையில் விளக்கேற்றி வைத்து நிலைமையை ஊரறியச் செய்வான் என்றும், அவ்விளக்கிலிருந்தே அச்சொல் பிறந்தது என்றும் சொல்வதுண்டு. தமிழ் மக்களிடையே 'மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டான்' என்ற வழக்கு நிலைத்தது. இரண்டிலும் ஓர் உண்மை பொதிந்திருக்கிறது. வாணிகத்தின் முடிவு ஊராருக்குத் தெரிந்தாக வேண்டும் என்பதே அது. அவ்வறிவிப்பு அவமானத்தின் அடையாளமாக இருந்த காலம் அது. அதையே வாணிகனுக்குக் காப்பாக மாற்றியது பிற்காலச் சட்டத்தின் பணி.

கம்பெனி ஆட்சிக் காலத்தில், கடன் கொடுத்தவன் நீதிமன்றத்தின் வழியே கடனாளியைச் சிறையில் அடைக்கலாம். சிறையில் இருப்பவன் எவ்வாறு சம்பாதித்துக் கடனைத் தீர்ப்பான்? இந்த முரண்பாட்டை உணர்ந்த ஆங்கிலப் பாராளுமன்றம், 1828-இல் ஒரு சட்டம் இயற்றிக் கல்கத்தா, சென்னை, பம்பாய் ஆகிய மூன்று நகரங்களிலும் கடனாளிகளின் நிவாரணத்துக்கென நீதிமன்றங்களை ஏற்படுத்தியது. 1830 ஜனவரியில் கல்கத்தாவின் புகழ்பெற்ற பாமர் கம்பெனி வீழ்ந்தது. 1834-க்குள் அந்நகரின் ஏனைய பெரிய ஏஜென்ஸி நிறுவனங்களும் ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்ந்தன. 1848-இல் இச்சட்டம் விரிவாகத் திருத்தி எழுதப்பெற்றது. அதன் சாரம் எளியது: கடனாளி தன் சொத்து முழுவதையும் மறைக்காமல் ஒப்படைக்க வேண்டும், அதிகாரி ஒருவர் அதனை விற்றுக் கடன்காரர்களுக்கு விகிதப்படி கொடுக்க வேண்டும், நேர்மையாக நடந்தவனுக்கு நீதிமன்றம் விடுதலை அளிக்கும்.

மாவட்டத்து ஊர்களில் வாழ்ந்த சிறு வாணிகர்களுக்கென்று முழுமையான தனிச் சட்டம் 1907-இல்தான் வந்தது. அதற்குப் பதிலாக 1920ஆம் ஆண்டின் மாகாணத் திவால் சட்டமும், மூன்று தலைநகரங்களுக்கு 1909ஆம் ஆண்டுச் சட்டமும் ஏற்பட்டன. நகரங்களில் அஃபிஷியல் அஸைனி என்பவரும், மாவட்டங்களில் அஃபிஷியல் ரிஸீவர் என்பவரும் சொத்தைப் பொறுப்பேற்றனர்.

இக்காலத்தில் நிகழ்ந்த ஒரு வீழ்ச்சியைத் தென்னாடு எளிதில் மறக்கவில்லை. 1906 அக்டோபர் 22-ஆம் நாள் சென்னையில் அர்பத்நாட் கம்பெனி பணம் கொடுப்பதை நிறுத்தியது. உத்தியோகஸ்தர்களும் விதவைகளும் சிறு வருவாயினரும் தம் சேமிப்பை நம்பி வைத்திருந்த இடம் அது. பெயர் கம்பெனியாக இருந்தாலும், அது சில பங்காளிகளின் கூட்டு வாணிகமே. அதன் தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட் வழக்கு விசாரணைக்குப்பின் சிறைத் தண்டனை பெற்றார். இவ்வீழ்ச்சிக்குப்பின் வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்று முயன்றதன் பயனாக 1907-இல் இந்தியன் வங்கி தோன்றியது. முடிவை மறைத்துக்கொண்டே வரவு வாங்குவது எத்துணைப் பெரிய தீங்கு என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டியதில்லை.

இனி, சிறு வாணிகத்துக்கு மிகவும் நெருக்கமான கூட்டு வாணிகச் சட்டத்துக்கு வருவோம். 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தில் ஓர் அத்தியாயமாக மட்டும் இருந்த இப்பகுதி, 1932-இல் தனிச் சட்டமாயிற்று. அதனை உருவாக்க ஆராய்ந்த குழுவில் சர் தின்ஷா முல்லாவும் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரும் இடம்பெற்றிருந்தனர். 1932 அக்டோபர் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது.

கூட்டு எவ்வாறு கலைகிறது? எல்லோரும் இசைந்து கலைக்கலாம். காலவரையறை இன்றி விருப்பம் உள்ளவரை நடக்கும் கூட்டாயின், ஒரு பங்காளி மற்றையோருக்கு எழுத்து மூலம் அறிவித்தாலே போதும். வேறு உடன்பாடு இல்லாவிடில், ஒரு பங்காளியின் மரணமோ திவாலோ கூட்டை முடித்துவிடும். நம்பிக்கை முறிந்து போன இடத்தில் நீதிமன்றத்தை நாடலாம்.

கலைந்தபின் செய்ய வேண்டிய முதற் காரியம் அறிவிப்பு. பொது அறிவிப்புக் கொடுக்கும் வரையில், ஒரு பங்காளி கூட்டின் பெயரால் செய்யும் செயலுக்கு மற்றையோரும் வெளியாருக்குப் பொறுப்பாவர் என்பது 45-ஆம் பிரிவு. பதிவு பெற்ற கூட்டாயின் ரிஜிஸ்திராருக்குத் தெரிவிப்பதோடு, அரசிதழிலும், அந்த மாவட்டத்தில் வழங்கும் தாய்மொழிச் செய்தித்தாள் ஒன்றிலேனும் வெளியிட வேண்டும். எத்தனையோ குடும்பங்கள் இதனை அறியாமல் துன்புற்றிருக்கின்றன. தம்பி கூட்டிலிருந்து விலகி உத்தியோகத்துக்குப் போய்விடுகிறான். அண்ணன் பழைய பெயரிலேயே சரக்குக் கடன் வாங்குகிறான். ஆண்டுகள் கழித்துத் தம்பியின் வீட்டுக்கு நீதிமன்ற அழைப்பு வருகிறது. சில வரி விளம்பரம் அவனைக் காத்திருக்கும்.

இரண்டாவது, கணக்குத் தீர்க்கும் வரிசை. ஓர் உதாரணத்தால் இதனை விளக்கலாம். முருகன், கண்ணன் என்னும் இருவர் ஜவுளிக் கடை நடத்தினர் என்று கொள்வோம். முருகனின் முதல் 6 இலட்சம் ரூபாய். கண்ணனின் முதல் 4 இலட்சம். இலாப நஷ்டம் சரிபாதி. கண்ணன் கடைக்கு 2 இலட்சம் கைமாற்றாகவும் கொடுத்திருக்கிறான். வெளிக்கடன் 9 இலட்சம். எல்லாவற்றையும் விற்றுக் கிடைத்தது 15 இலட்சம். முதலில் வெளிக்கடன் 9 இலட்சமும் தீர வேண்டும். அடுத்து, கண்ணனின் கைமாற்று 2 இலட்சம். எஞ்சுவது 4 இலட்சம். திரும்ப வேண்டிய முதல் 10 இலட்சம் ஆதலால் நஷ்டம் 6 இலட்சம். ஆளுக்கு 3 இலட்சம். ஆகவே முருகனுக்கு 3 இலட்சமும், கண்ணனுக்கு 1 இலட்சமும் சேரும். விற்பனையில் 7 இலட்சமே கிடைத்திருந்தால்? மீதி 2 இலட்சம் வெளிக்கடனுக்கு இருவரின் சொந்தச் சொத்தும் பொறுப்பு. கடன்காரர் முழுத் தொகையையும் ஒருவரிடமே கேட்கவும் சட்டம் இடந்தருகிறது. எனவே, வெளியார் கடன் தீருமுன் பங்காளிகள் தமக்குள் சரக்கைப் பிரித்துக்கொள்வது பெருந்தவறாகும்.

இச்சட்டத்தின் 69-ஆம் பிரிவு, பதிவு பெறாத கூட்டு ஒப்பந்தப்படி தனக்கு வர வேண்டியதற்கு வெளியார்மீது வழக்குத் தொடர முடியாது என்று தடுக்கிறது. ஆயினும் கூட்டைக் கலைக்கவும், கலைந்த கூட்டின் கணக்கைக் கேட்கவும், அதன் சொத்தை மீட்கவும் வழக்கிடும் உரிமையை அது பறிக்கவில்லை. பதிவின் அருமை பலருக்குக் கடையை மூடும் நாளில்தான் தெரியவருகிறது! கூட்டில் ஒருவருக்குள்ள பங்கு அசையும் சொத்தின் தன்மையது. கடைக்குக் கட்டடமே இருந்தாலும், அப்பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரத்தை அசையாச் சொத்தின் கைமாற்றம்போலக் கட்டாயமாகப் பதிவு செய்ய வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 1966-இல் தெளிவுபடுத்தியது.

ஒருவரே நடத்தும் கடைக்குக் கலைப்புச் சட்டம் என்று தனியாக ஒன்றில்லை. சட்டத்தின் கண்ணில் கடையும் அவரும் ஒருவரே. கடை மறைந்தாலும் கடன் அவரையே தொடரும். இந்த அச்சத்தைப் போக்கப் பிறந்ததுதான் வரையறுத்த பொறுப்புள்ள கம்பெனி. இந்தியாவில் 1857ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு வழி திறந்தது. 1913ஆம் ஆண்டுச் சட்டம் பிரைவேட் கம்பெனி என்னும் சிறு வடிவத்தை அளித்தது. ஆனால் இவ்வசதிக்கு ஒரு விலை உண்டு. சட்டத்தால் பிறந்த உருவம், சட்டத்தின் வழியாகவே மறைய வேண்டும். வாணிகம் இன்றிக் கிடக்கும் கம்பெனியைப் பதிவேட்டிலிருந்து நீக்கும் வழியை 1913, 1956, 2013 ஆகிய மூன்று ஆண்டுகளின் சட்டங்களும் கூறுகின்றன. 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, கடன்களை எல்லாம் தீர்த்தபின், சிறப்புத் தீர்மானத்தாலோ, செலுத்திய மூலதனத்தில் நூற்றுக்கு 75 பங்கு உடையோரின் சம்மதத்தாலோ விண்ணப்பிக்கலாம். 2017-இல் செயலற்றுக் கிடந்த இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட கம்பெனிகளை அரசாங்கமே நீக்கியது. பெயர் நீங்கியதும் பொறுப்பு நீங்கிவிட்டது என்று இயக்குநர்கள் எண்ணலாகாது. பாதிக்கப்பட்ட கடன்காரர் 20 ஆண்டுகளுக்குள் விண்ணப்பித்து, அக்கம்பெனியை மீண்டும் பதிவேட்டில் ஏற்றக் கோரலாம்.

கடன்காரர் மட்டுமா கடைக்கு உரிமை கொண்டாடுபவர்? அங்கே உழைத்தவரும் உண்டு. 1956 நவம்பரில் உச்ச நீதிமன்றம், தொழிலை உண்மையாகவே மூடிவிட்டால் ஆட்குறைப்பு ஈட்டுத்தொகை கொடுக்க வேண்டியதில்லை என்று தீர்ப்பளித்தது. மறு ஆண்டே பாராளுமன்றம் தொழில் தகராறுச் சட்டத்தைத் திருத்தி, மூடும் இடத்திலும் தொழிலாளிக்கு ஈட்டுத்தொகை உண்டு என்றது. தவிர்க்க முடியாத காரணத்தால் மூட நேர்ந்தால் தொகைக்கு ஒரு வரம்பு உண்டு. ஆனால் நஷ்டம் ஏற்பட்டது என்பது மட்டும் அத்தகைய காரணமாகாது என்றும் விதித்தது.

அரசாங்கத்துக்கும் சொல்லிக்கொண்டுதான் போக வேண்டும். வாணிகம் நின்ற 15 நாள்களுக்குள் அறிவிக்க வேண்டும் என்றது 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம். 2017-இல் வந்த சரக்கு, சேவை வரிச் சட்டத்தின்படி, பதிவு ரத்தான மூன்று மாதத்துக்குள் இறுதி விவர அறிக்கை தாக்கல் செய்ய வேண்டும். இதனை மறந்த சிறு வாணிகர் பலர், இல்லாத கடைக்குத் தாமதக் கட்டணம் செலுத்த நேர்கிறது.

இவ்வளவும் எதற்காக? நேர்மையாகத் தோற்றவன் மீண்டும் எழ வேண்டும் என்பதற்காகவே. 1936-இல் உரிமையியல் நடைமுறைச் சட்டம் திருத்தப்பெற்று, வசதியற்ற கடனாளியைச் சிறையிடுவது தடுக்கப்பட்டது. 1980-இல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர், வறுமை குற்றமாகாது என்பதையும், கொடுக்க வசதியிருந்தும் தீய எண்ணத்தால் மறுப்பவனையே சிறையிடலாம் என்பதையும் வலியுறுத்தினார். 2016-இல் திவால் சட்டங்களை ஒருங்கே தொகுத்த புதிய சட்டம் வந்தது. எனினும் தனியாட்களைப் பற்றிய அதன் பகுதி, 2019 டிசம்பர் 1 முதல் கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டுமே நடைமுறைப்படுத்தப்பட்டது. சாதாரணச் சிறு வாணிகனுக்கு அப்போதும் 1909, 1920ஆம் ஆண்டுச் சட்டங்களே துணை நின்றன.

ஆகவே, கடையை மூட எண்ணுபவர் முதலில் எழுத்து மூலம் முடிவு செய்க. அடுத்து ஊரறிய அறிவிக்க. வர வேண்டியதை வசூலிக்க. தொழிலாளிக்கும் வெளியாருக்கும் அரசாங்கத்துக்கும் கொடுக்க வேண்டியதைக் கொடுத்து, ஒவ்வொருவரிடமும் பைசல் ரசீது பெறுக. எஞ்சியதைப் பிறகே பங்காளிகள் பிரித்துக்கொள்க. கணக்குப் புத்தகங்களைப் பத்திரமாக வைத்திருக்க. இவ்வாறு முடித்தவர் அதே தெருவில், அதே மக்களிடையே, நாளை வேறொரு கடையைத் திறந்தாலும் அவருக்குச் சரக்கைக் கடனாகக் கொடுக்க எவரும் தயங்கமாட்டார்.