ஏலமும் குருசடியும்: குமரிக் கரையில் போர்த்துக்கீசியச் சொற்கள் பொருள் மாறிய வழி

ஆட்சி செய்தவர் மொழியிலிருந்துதான் சொல் வரும் என்று நினைப்பவர்களுக்குக் குமரி மாவட்டம் நல்ல மறுமொழி. வேணாட்டு மன்னர்களும் திருவிதாங்கூரும் ஆண்டு, 1956 நவம்பர் 1-இல் தமிழகத்தோடு சேர்ந்த மண் இது. போர்த்துக்கீசியர் இங்கே ஆட்சி நடத்தியதில்லை. ஆனாலும் அவர்கள் சொற்கள் தங்கின. கிறித்தவக் கோவிலும் கடல் வணிகமும் அவற்றைக் கொண்டுவந்தன. 1544-இன் இறுதியில், ஒரே மாதத்தில் முக்குவர் என்னும் மீனவர் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோருக்குத் திருமுழுக்குக் கொடுத்ததாக இயேசு சபைத் துறவி பிரான்சிஸ் சவேரியார் 1545 ஜனவரியில் எழுதினார். 1578-இல் கொல்லத்தில் அதே சபையின் அண்டிரிக் அடிகளாரின் ‘தம்பிரான் வணக்கம்’ தமிழில் அச்சேறியது.

போர்த்துக்கீசிய ‘குரூஸ்’ இங்கே குருசு ஆயிற்று. அதே பொருளுக்குச் சிரியாக் வழி வந்த ‘சிலுவை’யும் தமிழில் உண்டு. ஒரு பொருளுக்கு இரண்டு சொல் இருந்தால் ஒன்று நகர்ந்து வேறு வேலை தேடிக்கொள்ளும். சிலுவை வழிபாட்டு மொழியில் அமர்ந்துகொள்ள, குருசு ‘அடி’யோடு கூடிக் குருசடி ஆனது. சொல்லமைப்பின்படி அது சிலுவையின் அடிப்பீடம்; வழக்கிலோ சிற்றாலயம். உள்ளே அந்தோணியார் சுரூபம் இருந்தாலும் குருசடிதான். நாகர்கோவிலில் அது ஊர்ப் பெயராகவும் நிற்கிறது. ஜெர்மன் மொழியில் பொய்முடி செய்பவரைக் குறித்த சொல், ரஷ்ய மொழியில் ‘பரிக்மாகர்’ ஆகி முடி திருத்துபவரைக் குறிப்பதும் இதே வழிதான்: பொய்முடி போனது, தொழிலாளி தங்கினார்.

ஏலத்தின் கதை இன்னும் நீளமானது. அறிவிப்பு என்று பொருள்படும் அரபுச் சொல், போர்த்துக்கீசியத்தில் ‘லெய்லாவ்’ ஆகிக் கூவி விற்பதைக் குறித்தது. மலையாளம் அதை ‘லேலம்’ என்று லகரத்தோடு வைத்துக்கொண்டது. லகரம் சொல்லின் முதலில் வராது என்ற தமிழ் மரபில் அது ‘ஏலம்’ ஆயிற்று. குளச்சலிலோ முட்டத்திலோ வள்ளம் கரையேறியதும் பாருங்கள்: மணலில் சாளையைக் கொட்டுவார்கள், சுற்றி நிற்கும் பெண்கள் குவியலைக் கண்ணாலேயே எடை போடுவார்கள், ஏலம் கூறுபவர் விலையை ஏற்றிக்கொண்டே போவார். அதே சொல் ஏலச்சீட்டில் தலைகீழாகிறது. அங்கே தன் தொகையில் அதிகம் தள்ளிக் கேட்பவருக்கே சீட்டு. ‘என் மானத்தை ஏலம் போடாதே’ என்னும்போது விற்பனை மறைந்து ஊரறியச் சொல்வது மட்டும் மிஞ்சுகிறது. யாரும் திட்டமிடாமலே சொல் அரபுப் பொருளுக்குத் திரும்பியிருக்கிறது. இந்த மாவட்டத்துக் கடன்சொற்களில் ஆகச் சுவையான திருப்பம் இதுதான் என்பேன்.

தோற்றவர் மொழியும் சொல் தரும். டச்சுக்காரர்கள் 1741-இல் குளச்சலில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றார்கள். அவர்கள் மொழியின் ‘கக்கூஸ்’ மட்டும் தமிழ்நாட்டுக் கொல்லைப்புறங்களை வென்றது. இப்போது ‘பாத்ரூம்’ அதைக் கொச்சையாக்கிவிட்டது.

கடன் வாங்காத இடங்களும் கவனிக்கத் தக்கவை. தமிழகமெங்கும் போர்த்துக்கீசியச் ‘சாவி’ புழங்க, குமரிப் பேச்சில் ‘தாக்கோல்’ நிலைத்திருக்கிறது. ஒலி ஒற்றுமையை நம்பி எல்லாவற்றையும் கடன் என்று எழுதிவிடவும் கூடாது. இலங்கையில் சப்பாத்து காலணி, போர்த்துக்கீசியச் சொல். குழித்துறையில் வெள்ளத்தில் மூழ்கும் தரைப்பாலமும் சப்பாத்துதான். ஆவணமின்றி இரண்டையும் முடிச்சுப் போடுவது ஆய்வாகாது.

வட்டார அகராதி தொகுப்போர் பங்குக் கோவில்களின் பழைய பதிவேடுகளைப் புரட்டுவதோடு, மீன் ஏலம் கூறுவோரின் பேச்சையும் உடனே ஒலிப்பதிவு செய்ய வேண்டும்.