இனாம் விறகு இனாமா?

மாதவரம், புழல் பக்கம் ஜி.என்.டி. ரோட்டில் போகிறவர்கள் அங்குள்ள மரவாடிகளைக் கவனித்திருப்பீர்கள். துறைமுகத்தில் இறங்கும் வெளிநாட்டு மரங்கள் லாரியில் வருகின்றன. இன்று கிரேன் தூக்கி வைத்துவிடுகிறது. முன்பு எல்லாம் தோளும் கயிறும் கடப்பாரையும்தான். அந்த வேலைக்குப் போனவர்கள் சாயங்காலம் கூலியோடு ஒரு கட்டு விறகும் கொண்டு வருவார்கள். அதற்கு 'இனாம் விறகு' என்று பெயர். அந்தப் பெயர் சரிதானா என்று எனக்கு வெகுநாளாகச் சந்தேகம்.

முதலில் மரத்தின் எடையைப் பார்ப்போம். காய்ந்த தேக்கு ஒரு கன மீட்டர் ஏறக்குறைய 650 கிலோ. 3 மீட்டர் நீளமும் 60 செ.மீ. குறுக்களவும் உள்ள ஒரே கட்டை 550 கிலோ வரும். ஈரம் இருந்தால் இன்னும் கூடும். லாரியின் ஓரத்தில் இரண்டு கட்டைகளைச் சாய்த்து வைப்பார்கள். மேலே இருப்பவர்கள் மரத்தைச் சுற்றிய கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட, கீழே இருப்பவர்கள் கடப்பாரையால் தடுத்துத் தடுத்து உருட்டி இறக்குவார்கள். 'ஐலசா' என்று குரல் கொடுப்பது பொழுதுபோக்குக்காக அல்ல. எல்லாருடைய கையும் ஒரே நேரத்தில் அசைய வேண்டும். ஒருவர் பிந்தினாலும் மரம் கால்மேல் ஏறிவிடும்.

இறக்கி முடித்ததும், உதிர்ந்த பட்டை, சிராய், அறுவையில் கழிந்த ஓரத் துண்டு இவற்றைக் கட்டி எடுத்துப் போகலாம். மரத்தூளும் வீண் போகாது. தகர அடுப்பின் நடுவில் ஒரு பாட்டிலை நிறுத்தி, சுற்றிலும் தூளை இறுகக் கெட்டித்து, பாட்டிலை உருவிவிட்டுப் பற்றவைத்தால் ஒரு வேளைச் சமையல் தாராளமாக முடியும். அந்த அடுப்பை ஊதிய அம்மாக்கள் இதைப் படிப்பவர்களில் பலர் இருப்பீர்கள்.

அந்தக் கட்டு விறகின் மதிப்பு இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. சென்னையின் அடுப்புகள் விறகை நம்பித்தான் எரிந்தன. 1806இல் காக்ரேன் என்பவர் எண்ணூர் வரை தொடங்கிய கால்வாய் பிறகு நீண்டு, 1878இல் பக்கிங்காம் கால்வாய் என்று பெயர் பெற்றது. ஸ்ரீஹரிகோட்டா காட்டு விறகும் சவுக்கும் படகுகளில் அந்த வழியாகத்தான் பேசின் பிரிட்ஜ் பக்கம் வந்து, விறகுத் தொட்டிகளுக்குப் போயின. 1965, 66ஆம் ஆண்டுப் புயல்கள் கால்வாயைக் கெடுத்தன. அதே 1965இல்தான் இண்டேன் கேஸ் கல்கத்தாவில் அறிமுகமானது. ஆனால் அது ஏழை வீட்டு அடுப்பங்கரைக்கு வர வெகுகாலம் ஆயிற்று. அதுவரை விறகு காசு கொடுத்து வாங்க வேண்டிய பொருள். ஒரு கட்டு கையில் வந்தால் அந்தக் காசு மிச்சம்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அங்கே படித்த ஒரு சொல் 'அஃபுவாஜ்'. பிரான்சில் ஊர்ப் பொதுக்காட்டிலிருந்து குடியிருப்போர் தம் வீட்டுக்கு விறகு எடுக்கும் உரிமை அது. நெருப்பு, அடுப்பு என்ற பொருள் தரும் லத்தீன் வேரிலிருந்து வந்த சொல். ஊர்மன்றம் பட்டியல் போட்டுப் பங்கு பிரிக்கும். வெட்டுவதும் சுமப்பதும் அவரவர் வேலை. 1827ஆம் ஆண்டு வனச் சட்டத்தில் இடம்பெற்ற அந்த உரிமை இன்றும் இருக்கிறது.

இங்கிலாந்தின் கடற்படைக் கப்பல் தளங்களில் வேறு கதை. அங்கே தச்சர்கள் வேலையில் மிஞ்சிய மரத்துண்டுகளை வீட்டுக்கு எடுத்துப் போவது பழைய வழக்கம். 1801இல் அந்த வழக்கத்தை நிறுத்தினார்கள். ஆனால் சும்மா நிறுத்தவில்லை. அதற்கு ஈடாகக் கூலியோடு ஒரு தொகை சேர்த்துக் கொடுத்தார்கள். அதாவது, அந்தத் துண்டும் கூலியில் ஒரு பகுதிதான் என்று நிர்வாகமே ஒப்புக்கொண்டது.

நம் நாட்டில் 1948ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதியச் சட்டம், 11ஆம் பிரிவில், கூலியைப் பணமாகத்தான் கொடுக்க வேண்டும் என்றது. பொருளாகக் கொடுக்கும் வழக்கம் இருந்தால் அரசு அறிவிக்கை செய்து அனுமதிக்கலாம், அப்போதும் பொருளுக்குப் பண மதிப்புக் கட்ட வேண்டும் என்றும் அது சொன்னது. குமாஸ்தாவாக இருந்தவன் என்பதால் இந்த வரி எனக்கு முக்கியமாகப் படுகிறது. மதிப்புக் கட்டினால்தான் அது கணக்கில் ஏறும்.

நம் மரவாடிகளில் யாரும் மதிப்புக் கட்டவில்லை. "விறகு வேறு எடுத்துக்கொள்கிறாயே" என்று சொல்லியே கூலியைக் குறைத்துப் பேசியவர்கள் உண்டு. பிறகு பாய்லருக்கும் செங்கல் சூளைக்கும் கழிவு மரம் விலை போக ஆரம்பித்ததும் அந்தக் கட்டு நின்றது. எனக்குத் தெரிந்த குடும்பங்களில் அதற்கு ஈடாகக் கூலியில் ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. இனாம் என்று பெயர் வைத்ததால் கேட்கவும் வழியில்லை. கொடுத்தவர் நிறுத்திக்கொண்டார், அவ்வளவுதான்.

550 கிலோ மரத்தை நாலு பேர் உயிரைப் பணயம் வைத்து இறக்கியதற்குக் கிடைத்தது அது. உங்கள் அப்பாவோ தாத்தாவோ அந்தக் கட்டைத் தலையில் சுமந்து வந்திருந்தால், பேரப்பிள்ளைகளிடம் அதை இனாம் என்று சொல்லாதீர்கள். கூலி என்றே சொல்லுங்கள்.