மனுதாரர்களாக வந்த பெற்றோர்

தன்பாலீர்ப்பு கொண்ட பிள்ளைகளின் பெற்றோர் இந்தியாவில் நாடறிய ஒன்றுசேர்ந்து நின்ற இடம் தெருவோ மேடையோ அல்ல, உச்ச நீதிமன்றம். 1860-இல் பிரிட்டிஷார் இயற்றிய தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு தன்பாலின உறவை ஆயுள் தண்டனை வரை விதிக்கக்கூடிய குற்றமாக வைத்திருந்தது. 2009 ஜூலை 2 அன்று தில்லி உயர் நீதிமன்றம், வயதுவந்தோர் மனமொத்துத் தனிமையில் கொள்ளும் உறவுக்கு அது பொருந்தாது என்றது. மத்திய அரசு மேல்முறையீட்டுக்குப் போகவில்லை. சுரேஷ் குமார் கௌசல் என்ற ஜோதிடரும் சில மத அமைப்புகளும் போயினர். இந்தியக் குடும்ப அமைப்பு குலைந்துவிடும் என்பது அத்தரப்பில் ஓங்கி ஒலித்த வாதம்.

குடும்பத்தின் பெயரால் பேச யாருக்கு உரிமை என்ற கேள்விக்குப் பதிலாக, 2011-இல் மின்னா சரண் உள்ளிட்ட 19 பெற்றோர் தங்களையும் வழக்கில் சேர்க்கக் கோரி மனு செய்தனர். பிள்ளைகளுக்காகப் பரிந்து பேசுவதோடு அவர்கள் நிற்கவில்லை. பிள்ளையைக் குற்றவாளியாக்கும் சட்டம் அவனைக் காக்கும் பெற்றோரின் உரிமையையும் பறிக்கிறது, குடும்பத்தைக் கெடுப்பது 377-தான் என்று வாதத்தைத் திருப்பிப் போட்டனர். அவர்களுக்காக மூத்த வழக்கறிஞர் ஃபாலி நாரிமன் வாதாடினார். பிள்ளை தன் ஈர்ப்பைப் பற்றிச் சொன்னதை அக்கம்பக்கத்துக்குத் தெரியாமல் மறைப்பதே வழக்கமாயிருந்த நாட்டில், உச்ச நீதிமன்ற மனுவிலேயே ஒரு தாயின் பெயர் ஏறியது சாதாரணச் செய்தியல்ல. தன் மகள் லெஸ்பியன் என்பதை மராத்தி நாடக, திரைக் கலைஞர் சித்ரா பாலேகரும் ஒளிக்காமல் பேசினார்.

2013 டிசம்பர் 11 அன்று தீர்ப்பு அவர்களுக்கு எதிராக வந்தது. தன்பாலீர்ப்பாளர்கள் மக்கள்தொகையில் மிகச் சிறு பகுதியினரே என்றும், 150 ஆண்டுகளில் 377-இன் கீழ் வழக்குக்குள்ளானோர் 200 பேருக்கும் குறைவு என்றும் நீதிபதிகள் எழுதினர். சீராய்வு மனுக்களும் 2014 ஜனவரியில் தள்ளுபடியாயின.

நீதிமன்றத்துக்கு வெளியே, 2015 மே மாதம் மும்பையில் பத்மா ஐயர் தன் மகன் ஹரீஷுக்கு மாப்பிள்ளை தேடி விளம்பரம் கொடுத்தார். சில நாளிதழ்கள் மறுத்தபின் ‘மிட்-டே’ வெளியிட்டது. நல்ல நிலையில் இருப்பவர், சைவ உணவுக்காரர், விலங்குகளிடம் பிரியமுள்ளவர் வேண்டும். ஜாதி தடையில்லை, ஆனால் ஐயர் என்றால் விசேஷம் என்றது அது. அந்தக் கடைசி வரிக்குக் கண்டனங்கள் குவிந்தன. வேடிக்கையாக எழுதியது என்று குடும்பம் விளக்கம் சொன்னது. ஆனாலும் வரன் தேடும் பத்தியின் பழக்கவழக்கங்கள் அத்தனையும் கூடவே வந்துவிட்டன என்பதை மறுக்க முடியாது.

2017-இல் மும்பையில் ‘ஸ்வீகார்’ என்ற பெற்றோர் குழு உருவானது. மறு ஆண்டு செப்டம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு 2013 தீர்ப்பை ரத்து செய்தது. அடுத்த கோரிக்கை திருமணம். 2023 ஏப்ரலில், அவ்வழக்கு விசாரணையில் இருந்தபோது, நானூறுக்கும் மேற்பட்ட பெற்றோர் கையெழுத்திட்ட கடிதத்தை ஸ்வீகார் தலைமை நீதிபதிக்கு அனுப்பியது. தங்களில் சிலர் எண்பதை நெருங்குவதாகவும், பிள்ளைகளின் திருமணம் சட்டப்படி பதிவாவதைக் கண்ணால் பார்த்துவிட விரும்புவதாகவும் அதில் கேட்டிருந்தனர். அக்டோபர் 17 அன்று நீதிமன்றம் அந்த உரிமையை ஏற்க மறுத்தது. சீராய்வு மனுக்களும் 2025 ஜனவரியில் தள்ளுபடியாயின.