இயேசுவின் இனத் தோற்றச் சித்தரிப்பு

ஓவியம், சிற்பம், அச்சுப்படம், திரைப்படம் ஆகியவற்றில் இயேசு கிறித்து எந்த இனத்தவரின் உருவில் காட்டப்பட்டுள்ளார் என்பதும், அதையொட்டி எழுந்த கருத்து மோதல்களும் இயேசுவின் இனத் தோற்றச் சித்தரிப்பு என்னும் பொருளில் அடங்கும். இயேசு கி.மு. 6-க்கும் 4-க்கும் இடைப்பட்ட காலத்தில் பிறந்து, ரோமப் பேரரசுக்கு உட்பட்ட கலிலேயாவில் வளர்ந்த ஒரு யூதர் என்பதில் வரலாற்றாய்வாளரிடையே கருத்து வேறுபாடு இல்லை. எனினும், உலகில் மிகப் பரவலாக அறியப்பட்ட அவரது உருவம் வெண்ணிறத் தோலும் நீண்ட இளம்பழுப்புக் கூந்தலும் கொண்ட ஓர் ஐரோப்பியருடையதாகவே உள்ளது.

ஒவ்வொரு சமூகமும் தான் வணங்கும் உருவத்தைத் தன் சாயலில் வரைந்துகொள்வது இயல்பே. எத்தியோப்பியத் திருச்சபை ஓவியங்களில் இயேசு எத்தியோப்பியராகக் காணப்படுகிறார். சீன, சப்பானிய ஓவியர்களும் அவரைத் தம் மக்களுள் ஒருவராகத் தீட்டியுள்ளனர். சர்ச்சைக்குள்ளானது இந்த வழக்கம் அன்று. அவற்றுள் ஒரு சாயல் மட்டும் உண்மையான தோற்றமாக முன்வைக்கப்பட்டதும், அதன் வழியே அவரது யூத அடையாளம் மறைக்கப்பட்டதுமே சர்ச்சைக்குக் காரணமாயின.

விவிலியமும் திருச்சபைத் தந்தையரும்

நான்கு நற்செய்தி நூல்களும் இயேசுவின் உயரம், நிறம், முகம், முடி ஆகியவை பற்றி எதுவும் கூறவில்லை. அவரைப் பிடிக்க வந்த காவலருக்கு யூதாசு முத்தமிட்டு அடையாளம் காட்ட வேண்டியிருந்ததைக் கொண்டு, அவர் தம் சீடரிடமிருந்து தோற்றத்தில் வேறுபட்டவராக இருந்திருக்க மாட்டார் என்று ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர். திருவெளிப்பாடு நூலில் வரும் வெண்பஞ்சு போன்ற தலைமுடியும் வெண்கலம் போன்ற காலடிகளும் ஒரு காட்சியின் குறியீடுகள். உடல் வருணனைகள் அல்ல. ஆயினும் பிற்கால விவாதங்களில் இப்பகுதி இயேசுவின் நிறத்துக்குச் சான்றாகப் பலமுறை எடுத்தாளப்பட்டது.

எழுத்துச் சான்று இல்லாத நிலையில் திருச்சபைத் தந்தையர் பழைய ஏற்பாட்டிலிருந்து விடை தேடினர். எசாயா நூலின் துன்புறும் ஊழியன் அழகற்றவனாகக் காட்டப்படுவதால் ஜஸ்டின், தெர்த்துல்லியன் முதலியோர் இயேசுவும் எளிய தோற்றமுடையவர் என்றனர். எரோணிமுசும் அகுஸ்தீனும் 45ஆம் திருப்பாடலைச் சுட்டி அவர் பேரழகர் என வாதிட்டனர். இரு தரப்பினருமே நேரில் கண்டவர்களின் சாட்சியத்தைச் சார்ந்திருக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

தொடக்ககால உருவங்கள்

இன்று எஞ்சியுள்ள மிகப் பழைய இயேசு ஓவியங்களுள் ஒன்று சிரியாவின் துரா ஐரோப்போஸ் நகரில் இருந்த இல்லத் திருச்சபையின் சுவரில் கி.பி. 235 அளவில் வரையப்பட்டது. முடக்குவாதமுற்றவரைக் குணப்படுத்தும் அக்காட்சியில் இயேசு தாடியற்ற, குட்டை முடி கொண்ட இளைஞராக உள்ளார். 1930களில் அகழ்ந்தெடுக்கப்பட்ட இவ்வோவியம் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகக் கலைக்கூடத்திற்குக் கொண்டுசெல்லப்பட்டது. ரோமின் நிலவறைக் கல்லறைகளிலும் அவர் ஆட்டைத் தோளில் சுமக்கும் தாடியற்ற மேய்ப்பராகவே பெரிதும் காட்டப்பட்டார்.

தாடியும் நீண்ட முடியும் 4ஆம் நூற்றாண்டில் பரவத் தொடங்கின. ரோமின் கொம்மொதில்லா நிலவறையில் உள்ள மார்பளவு ஓவியம் இதற்கு எடுத்துக்காட்டு. கிறித்தவம் அரச ஆதரவு பெற்ற காலத்தில், அரியணையில் அமர்ந்த சூபிட்டர், செராபிஸ் போன்ற கடவுளரின் உருவ மரபிலிருந்து இத்தோற்றம் பெறப்பட்டது என்பது கலை வரலாற்றாளர் பலரின் கருத்து. சீனாய் மலையிலுள்ள புனித கத்தரீனா மடத்தின் 6ஆம் நூற்றாண்டுத் திருவோவியத்தில் இவ்வுருவம் முழு வடிவம் பெற்றுவிட்டது.

ஐரோப்பிய மரபும் யூதாசின் முகமும்

இடைக்கால ஐரோப்பாவில் லெந்துலுஸ் மடல் என்ற ஆவணம் புழக்கத்தில் இருந்தது. யூதேயாவின் ரோம அதிகாரி ஒருவர் எழுதியதாகக் கூறப்பட்ட அம்மடல், இயேசுவின் முடி முற்றிய கொட்டைப் பழத்தின் நிறமுடையது என்றும் தோளில் சுருண்டு விழுவது என்றும் வருணித்தது. அது பிற்காலப் போலி என்று பின்னர் உறுதியானது. ஆயினும் அதற்குள் அது ஓவியர்களின் கையேடு போல ஆகிவிட்டிருந்தது. அல்பிரெக்ட் டியூரர் 1500ஆம் ஆண்டில் தீட்டிய தன்னுருவ ஓவியம் கிறித்து உருவத்தின் நேர்முக அமைப்பிலேயே வரையப்பட்டுள்ளது. ஓர் ஐரோப்பியர் தன் முகத்தையே கிறித்துவின் முகமாகக் காணத் தயங்காத நிலை அப்போது தோன்றியிருந்தது.

இம்மரபின் மறுபக்கம் யூதாசு. இயேசுவும் பன்னிரு சீடரும் ஆகப் பதின்மூவருமே யூதர்கள். இருந்தும் இடைக்கால ஓவியங்கள் பலவற்றில் வளைந்த மூக்கு, செம்முடி, மஞ்சள் ஆடை என யூதரைச் சுட்ட வழங்கிய அடையாளங்கள் யூதாசு ஒருவனுக்கே அளிக்கப்பட்டன. பதுவா நகரில் ஜொத்தோ 1305 அளவில் தீட்டிய முத்தக் காட்சியில் யூதாசின் மஞ்சள் மேலாடை இயேசுவை மூடிப் போர்த்துகிறது. இவ்வகை ஓவியங்களைக் கண்டு வளர்ந்த எழுத்தறியா மக்களுக்கு, இயேசு தம்மவர் என்றும் காட்டிக்கொடுத்தவன் யூதன் என்றும் தோன்றியதில் வியப்பில்லை.

மியூனிக் சர்ச்சை

இயேசுவை யூதராகவே வரைய முயன்றவருக்கு நேர்ந்ததை மாக்ஸ் லீபர்மன் (1847–1935) என்னும் ஜெர்மானிய யூத ஓவியரின் அனுபவம் காட்டுகிறது. 'கோவிலில் பன்னிரண்டு வயது இயேசு' என்ற இவரது ஓவியம் 1879இல் மியூனிக்கில் நடந்த பன்னாட்டுக் கலைக் கண்காட்சியில் வைக்கப்பட்டது. கருமுடி கலைந்து, வெறுங்காலுடன், கைகளை அசைத்து முதியோருடன் வாதிடும் ஒரு சாதாரண யூதச் சிறுவனாக இயேசு அதில் இருந்தார்.

கண்டனம் உடனே எழுந்தது. திறனாய்வாளர் சிலர் சிறுவனின் தோற்றத்தை இழிவாக வருணித்தனர். பவேரிய நாடாளுமன்றத்திலும் இவ்வோவியம் விவாதிக்கப்பட்டது; இயேசுவை இவ்வாறு வரைய யூதர் ஒருவருக்கு உரிமையில்லை என்ற வாதமும் முன்வைக்கப்பட்டது. யூத எதிர்ப்பை அரசியல் இயக்கமாக மாற்ற வில்லெம் மார் என்பவர் பெர்லினில் சங்கம் நிறுவியதும் இதே 1879இல் தான்.

லீபர்மன் பின்னர் அந்த ஓவியத்தின் மீதே மீண்டும் தீட்டினார். சிறுவனின் முடி நீண்டு பொன்னிறமானது, கால்களில் செருப்பு ஏறியது, கையசைவு அடங்கியது. தற்போது ஆம்பர்க் கலைக்கூடத்தில் உள்ளது இத்திருத்திய வடிவமே. முதல் வடிவத்தை எஞ்சியுள்ள ஒரு வரைபடத்தின் மூலமே அறிய முடிகிறது. லீபர்மன் பிற்காலத்தில் பிரசியக் கலைக் கழகத்தின் தலைவராக உயர்ந்தார். நாசிகள் ஆட்சியைப் பிடித்த 1933இல் அக்கழகத்திலிருந்து விலகினார். அவருடைய மனைவி மார்த்தா 1943இல் வதைமுகாமுக்கு அனுப்பப்படவிருந்த நிலையில் தற்கொலை செய்துகொண்டார்.

"ஆரிய இயேசு"

இயேசு இனத்தால் யூதர் அல்லர் என்ற கருத்தை ஹூஸ்டன் ஸ்டூவர்ட் சேம்பர்லேன் 1899இல் வெளியிட்ட நூலில் முன்வைத்தார். ஓவியங்கள் ஏற்கனவே பழக்கப்படுத்தியிருந்த ஒன்றை அவர் கோட்பாடாக்கினார் எனலாம். ஜெர்மனியின் ஐசனாக் நகரில் 1939ஆம் ஆண்டு மே மாதம் புரொட்டஸ்தாந்து திருச்சபைகள் சிலவற்றின் ஆதரவுடன் ஒரு நிறுவனம் தொடங்கப்பட்டது. திருச்சபை வாழ்விலிருந்து யூதத் தாக்கத்தை அகற்றுவதே அதன் அறிவிக்கப்பட்ட நோக்கம். இறையியலாளர் வால்ட்டர் குருண்ட்மன் அதன் ஆய்வுத் தலைவர். யூதக் கூறுகள் நீக்கப்பட்ட புதிய ஏற்பாடு ஒன்றும் 1940இல் அந்நிறுவனத்தால் வெளியிடப்பட்டது. போருக்குப் பின்னரும் குருண்ட்மன் கிழக்கு ஜெர்மனியில் நற்செய்தி விளக்கவுரைகள் எழுதிவந்தார். இவ்வரலாற்றை சூசன்னா ஹெஷல் 2008இல் வெளியான நூலில் விரிவாக எழுதியுள்ளார்.

இதற்கு ஓவியத்தில் அமைந்த மறுமொழியாக மார்க் சகாலின் 'வெண்ணிறச் சிலுவையேற்றம்' (1938) கருதப்படுகிறது. யூதத் தொழுகைச் சால்வையை இடையில் சுற்றிய இயேசுவின் சிலுவையைச் சுற்றி, எரியும் தொழுகைக்கூடமும் தப்பியோடும் யூதரும் அதில் காட்டப்பட்டுள்ளனர். இது சிக்காகோ கலை நிறுவனத்தில் உள்ளது.

சால்மனின் அச்சுப்படம்

ஐரோப்பியத் தோற்றம் உலகெங்கும் பரவ அச்சுத் தொழிலும் மறைப்பணியும் துணைநின்றன. சிக்காகோவைச் சேர்ந்த விளம்பர ஓவியர் வார்னர் சால்மன் 1940இல் தீட்டிய 'கிறித்துவின் தலை' 50 கோடிக்கும் மேற்பட்ட படிகள் அச்சானதாகக் கணக்கிடப்படுகிறது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் படைவீரர்களுக்குச் சட்டைப்பை அளவில் இப்படம் வழங்கப்பட்டது. தமிழ்நாட்டுக் கிறித்தவ இல்லங்களிலும் நாட்காட்டிகளிலும் காணப்படும் இயேசு படங்களும் பெரும்பாலும் இந்த ஐரோப்பிய அச்சுப்பட மரபைச் சேர்ந்தவையே.

கறுப்புக் கிறித்து

அமெரிக்கக் கறுப்பினத்தவரிடையே இப்படங்களுக்கு எதிர்ப்பு 20ஆம் நூற்றாண்டில் வலுப்பெற்றது. ஆல்பர்ட் கிளீக் என்ற போதகரின் டெட்ராய்ட் திருச்சபையில் 1967ஆம் ஆண்டு உயிர்ப்பு ஞாயிறன்று மரியாவையும் குழந்தை இயேசுவையும் கறுப்பினத்தவராகக் காட்டும் பெரிய ஓவியம் திறந்துவைக்கப்பட்டது. இயேசு கறுப்பினத்தவரே என்று கிளீக் வாதிட்டார். தோலின் நிறம் பொருட்டன்று என்பதே மார்ட்டின் லூதர் கிங் 1957இல் இதழொன்றில் வாசகருக்கு அளித்த விடை.

இனவொதுக்கல் நிலவிய தென்னாப்பிரிக்காவில் இது உயிர் தொடர்பான சிக்கலாயிற்று. ரொனால்டு ஹாரிசன் என்ற இளம் ஓவியர் 1962இல் தீட்டிய 'கறுப்புக் கிறித்து' ஓவியத்தில், சிலுவையில் தொங்கும் இயேசுவுக்கு ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரசுத் தலைவரும் நோபல் அமைதிப் பரிசு பெற்றவருமான ஆல்பர்ட் லுத்துலியின் முகம் இருந்தது. லுத்துலி அப்போது அரசின் தடையாணைக்கு உட்பட்டிருந்தார். காவல் நிற்கும் ரோம வீரர் இருவருக்கும் பிரதமர் பெர்வூர்டு, நீதித்துறை அமைச்சர் போர்ஸ்டர் ஆகியோரின் முகங்கள். கேப்டவுனின் சால்ட் ரிவர் பகுதித் தேவாலயம் ஒன்றில் வைக்கப்பட்ட இவ்வோவியத்தை அரசு தடைசெய்தது. ஹாரிசன் கைதுசெய்யப்பட்டுச் சித்திரவதைக்குள்ளானார். ஓவியம் இங்கிலாந்துக்குக் கடத்தப்பட்டு, 1997இல் தாயகம் திரும்பியது. வெள்ளையர் தேவாலயங்களில் தொங்கிய வெண்ணிற இயேசுவை எவரும் அரசியல் ஓவியமாகக் கருதவில்லை என்பதை இதனுடன் ஒப்பிட்டு நோக்கலாம்.

இந்தியாவில்

இயேசு சபையினர் 1580இல் அக்பரின் அவைக்கு வந்தபின் முகலாய ஓவியர்கள் அவர்கள் கொணர்ந்த அச்சுப்படங்களைத் தம் பாணியில் வரைந்தனர். கோவாவைச் சேர்ந்த ஆஞ்செலோ த பொன்சேகா (1902–1967) மரியாவைச் சேலை உடுத்திய இந்தியப் பெண்ணாகத் தீட்டியதற்காகக் கோவாக் கத்தோலிக்க மேட்டுக்குடியினரின் எதிர்ப்பைச் சந்தித்து, பூனா சென்று வாழ்ந்தார். வேளாங்கண்ணியிலும் மரியாவின் திருவுருவம் சேலை அணிந்ததே. ஆனால் இத்தகைய திருவுருவங்கள் பலவற்றில் உடை மட்டுமே உள்ளூர்மயமானது. முகத்தின் நிறம் மாறவில்லை.

திரைப்படங்களில்

இயேசுவை நடிகர் ஒருவர் ஏற்று நடிக்கலாமா என்பதே தொடக்கத்தில் கேள்வியாக இருந்தது. பிரித்தானியத் தணிக்கை வாரியம் தன் தொடக்க ஆண்டுகளில் அதற்குத் தடைவிதித்திருந்தது. 'பென்-ஹர்' (1959) திரைப்படத்தில் இயேசுவின் முகம் காட்டப்படவே இல்லை. முகம் காட்டப்பட்டபோது அது பெரும்பாலும் அச்சுப்படத்தின் முகமாகவே அமைந்தது. 'கிங் ஆஃப் கிங்ஸ்' (1961) படத்தின் ஜெஃப்ரி ஹண்டரும் செஃபிரெல்லியின் 'ஜீசஸ் ஆஃப் நாசரேத்' (1977) தொலைக்காட்சித் தொடரின் ராபர்ட் பவலும் நீலக்கண்களால் நினைவுகூரப்படுபவர்கள்.

விலகி நின்றவர் பசோலினி. தம் 'மத்தேயு நற்செய்தி' (1964) படத்தை ஏழ்மை மிகுந்த தென்னித்தாலியில் எடுத்த அவர், நடிப்பனுபவம் இல்லாத என்ரிக்கே இரசோக்கி என்ற எசுப்பானிய மாணவரை இயேசுவாக்கினார். கருமுடியும் சேர்ந்த புருவமும் சினமும் கொண்ட அவ்வியேசு அச்சுப்பட மரபுக்கு முற்றிலும் அயலானவர்.

மெல் கிப்சனின் 'தி பேஷன் ஆஃப் தி கிரைஸ்ட்' (2004) படத்தில் ஜிம் கவீசலின் நீலக்கண்கள் கணினி உத்தியால் பழுப்பாக்கப்பட்டன. செயற்கை மூக்கு பொருத்தப்பட்டது. உரையாடல் அரமேய மொழியில் அமைந்தது. இவ்வளவு செய்தும், யூதத் தலைவர்களும் கூட்டமும் காட்டப்பட்ட விதத்திற்காக அப்படம் யூத அமைப்புகளின் கடும் கண்டனத்திற்கு ஆளானது. நாயகனின் மூக்கைத் திருத்தியதால் பழைய யூதாசு ஓவியங்களின் சிக்கல் தீர்ந்துவிடவில்லை.

தென்னாப்பிரிக்காவின் 'சன் ஆஃப் மேன்' (2006) கதையை இக்கால ஆப்பிரிக்காவுக்கு மாற்றியது. 'கில்லிங் ஜீசஸ்' (2015) தொலைக்காட்சிப் படத்தில் லெபனானில் பிறந்த ஹாஸ் ஸ்லெய்மான் இயேசுவாக நடித்தார். தெலுங்கில் 1978இல் வெளிவந்து பல மொழிகளில் ஒலிமாற்றம் செய்யப்பட்ட 'கருணாமயுடு' படத்தில் விஜயசந்தர் அவ்வேடத்தை ஏற்றார். இதன் இயக்குனர் ஏ. பீம்சிங் தமிழ்த் திரைப்படங்களால் அறியப்பட்டவர்.

தோற்றத்தை மீட்டுருவாக்கும் முயற்சிகள்

தடயவியல் முக மீட்டுருவாக்க வல்லுநரான ரிச்சர்ட் நீவ் 2001இல் பிபிசி தொடர் ஒன்றுக்காக, முதலாம் நூற்றாண்டு மண்டையோடு ஒன்றின் அடிப்படையில் அகன்ற முகமும் கருமையான தோலும் குட்டைச் சுருள்முடியும் கொண்ட முகத்தை உருவாக்கினார். செய்தியிதழ்கள் பல இதை இயேசுவின் உண்மை முகம் என்றே வெளியிட்டன. ஆனால் அது அவரது நிலத்தில் வாழ்ந்த, பெயர் தெரியாத வேறொரு மனிதரின் மண்டையோடு. அக்கால ஆண் ஒருவர் எப்படி இருந்திருக்கலாம் என்பதற்கு மேல் அது எதையும் மெய்ப்பிக்காது.

இலண்டன் கிங்ஸ் கல்லூரிப் பேராசிரியர் ஜோன் டெய்லர் 2018இல் வெளியிட்ட நூலில் எலும்புகள், நாணயங்கள், துணி எச்சங்கள், எகிப்தியப் பிணவோவியங்கள் ஆகியவற்றைத் தொகுத்து ஆராய்ந்தார். பழுப்புக் கண்களும் கருமுடியும் மாநிறத் தோலும் ஏறத்தாழ 166 செ.மீ. உயரமும் அவர் கண்ட சராசரித் தோற்றம். முடியைப் பொறுத்தவரை, நீண்ட முடி ஆணுக்கு இழிவு என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தில் குறிப்பிடுவது முக்கியமான சான்று. தம் ஆண்டவர் நீள்முடியர் என அவர் அறிந்திருந்தால் அவ்வாறு எழுதியிருக்க இயலாது. உடையைப் பொறுத்தவரை, தொங்கலாடை அணிந்து உலவ விரும்பும் மறைநூல் அறிஞர்களை இயேசு கண்டிப்பதாக மாற்கு நற்செய்தி கூறுகிறது. எனவே அவர் உழைக்கும் ஆண்களைப் போல முழங்காலளவு குட்டை அங்கியே அணிந்திருப்பார் என்பது டெய்லரின் முடிவு. வெள்ளை, கறுப்பு என எந்நிறத்தில் வரையப்பட்டாலும், பெரும்பாலான ஓவியங்கள் அவருக்கு அந்தத் தொங்கலாடையையே அணிவித்து வந்துள்ளன.