பழைய கிதாரும் ஸ்ரீநிவாஸின் மாண்டலினும்

பழைய எலக்ட்ரிக் கிதாரில் எது அசல் பாகம், எது பிறகு மாற்றியது? வால்யூம் குமிழுக்குக் கீழே, உள்ளிருக்கும் பொட்டென்ஷியோமீட்டரில் ஓர் எண் அச்சடித்திருப்பார்கள். உதாரணமாக 1376632. இதில் 137 என்றால் சிடிஎஸ் நிறுவனம், 66 என்றால் 1966, 32 என்றால் 32-வது வாரம். 1962-ல் செய்ததாகச் சொல்லும் கிதாரில் இந்த எண் இருந்தால், அந்தப் பாகம் பிறகு வந்ததுதான். அத்தோடு விலையும் இறங்கிவிடும்.

ஆனால் மாற்றம் என்றாலே குறையா? 1969-ல் ஆந்திராவின் பாலகொல்லுவில் பிறந்து சென்னையில் வாழ்ந்த யு. ஸ்ரீநிவாஸ், மாண்டலினின் நான்கு ஜோடிக் கம்பிகளை விட்டுவிட்டு ஐந்து தனிக் கம்பிகள் கொண்ட எலக்ட்ரிக் மாண்டலினை வாசித்தார். அதில்தான் கமகம் நீண்டு பேசியது. கர்நாடக மேடையில் மாண்டலினுக்கு இடம் கிடைத்ததும் அப்படித்தான்.

அதனால் மாற்றிய பாகத்தையும் குறித்து வைப்பதே நல்லது. அதுவும் அந்த வாத்தியத்தின் வரலாறுதானே!