சளியா, எடையா?

வியாசர்பாடியில் பெரியவர்களிடம் டி.பி. பற்றிப் பேச்செடுத்தால், ‘தாம்பரத்துக்கு அனுப்பிட்டாங்க’ என்றுதான் கதை தொடங்கும். 1928இல் தோன்றிய தாம்பரம் சானடோரியம் மருத்துவமனை மட்டுமல்ல. ஏழை உடலை வீட்டிலிருந்து பிரித்து வைக்கும் ஓர் ஏற்பாடும்கூட.

அந்த ஏற்பாட்டை உடைத்தது சென்னைதான். 1956இல் இங்கே காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கியது. வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் நகரத்து ஏழை நோயாளிகள் 193 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி சானடோரியத்தில், மறு பாதி தம் வீட்டில். இருவருக்கும் ஓராண்டுக்கு ஒரே மருந்து: ஐசோநையாசிட், பி.ஏ.எஸ்.

சரி, இரண்டு குழுக்களை எதை வைத்து ஒப்பிடுவது? நோய் அடங்கியதா இல்லையா என்றால் அது தலை எண்ணும் விஷயம். கை-வர்க்கச் சோதனை போதும். கட்டங்களில் ஆட்கள் ரொம்பக் குறைவென்றால் ஃபிஷரின் துல்லியச் சோதனை. எடை என்றால் அளவு. இரு சராசரிகளை ஒப்பிட டி-சோதனை. 1908இல் கின்னஸ் மதுபான ஆலை ஊழியர் காசெட் ‘ஸ்டூடண்ட்’ என்ற புனைபெயரில் எழுதியது அது. அளவுகள் ஒருபக்கமாகச் சாய்ந்து கிடந்தால் மான்-விட்னி. ஒரே ஆளின் முன்-பின் எடை என்றால் இணைச் சோதனை. ஆக, எதை அளப்பது என்று முடிவெடுத்த கணமே சோதனையும் பாதி முடிவாகிவிடுகிறது. அந்த முடிவு கணிதம் அல்ல.

1959இல் முடிவு வந்தது. நோய் அடங்கியவர்கள் வீட்டில் 86 சதவீதம், சானடோரியத்தில் 92. இவ்வளவு பேரை வைத்துப் பார்த்தால் இது தற்செயலாகவும் வரக்கூடிய வித்தியாசம். எடையிலோ சானடோரியத்தினர் நன்றாகவே முந்தினார்கள். அங்கே சாப்பாடு மேலானது. எடையைப் பிரதான அளவுகோலாக்கியிருந்தால் ‘வெற்றி’ கட்டிலுக்குப் போயிருக்கும்.

‘வித்தியாசம் நிரூபணமாகவில்லை’ என்பது ‘இரண்டும் சமம்’ என்றாகாது. அதனால்தான் ஐந்தாண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். வீட்டிலேயே சிகிச்சை பெற்றவர்களின் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாக வரவில்லை என்று தெரிந்தது. சானடோரியங்களின் காலம் முடிந்தது. இது பெரிய விடுதலை, சந்தேகமில்லை.

மருந்து ஒழுங்காகப் போனால் நோய் அடங்க நல்ல சாப்பாடு தீர்மானகரமானதல்ல என்றும் மையம் கண்டது. ஆனால் நோய் யாருக்கு வருகிறது என்பது அங்கே கேள்வியே அல்ல. கேட்காத கேள்விக்கும் பதில் கிடைத்துவிட்டதாக நினைத்து, சோற்றை மருத்துவத்துக்கு வெளியே நிறுத்தினோம். 2023இல் வெளியான ஜார்கண்ட் ஆய்வு வேறு இரண்டு குழுக்களை ஒப்பிட்டது: நோயாளிக்கு மட்டும் உணவு கிடைத்த குடும்பங்கள், வீட்டார் அனைவருக்கும் கிடைத்த குடும்பங்கள். பின்னதில் வீட்டாருக்குப் புதிதாக நோய் வருவது ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்தது.

எடை அன்றே ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது. நாம்தான் சளியை மட்டும் வாசித்தோம்.