கீழே இன்னொருவர் உண்டு: சபால்டர்ன் என்ற சொல்லின் பயணம்

1896 நவம்பரில் ஹைதராபாத்தில் கோல்கொண்டா கோப்பைக்கான போலோ போட்டி நடந்தது. வெல்வார்கள் என்று ஊரே எதிர்பார்த்தது நிஜாமின் மெய்க்காவல் படையான கோல்கொண்டா பிரிகேடை. கோப்பையைக் கொண்டுபோனதோ பெங்களூரிலிருந்து வந்த 4-வது ஹுஸார் குதிரைப்படை. அவர்கள் பம்பாயில் கப்பலை விட்டு இறங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அந்த அணியில் ஆடிய 21 வயது இளைஞர் வின்ஸ்டன் சர்ச்சில். கேப்டனுக்குக் கீழே இருந்த இளநிலை அதிகாரி அவர். பிரிட்டிஷ் படையில் அப்படிப்பட்டவர்களுக்குப் பொதுவாக வழங்கிய பெயர் சபால்டர்ன்.

அகராதி இந்தச் சொல்லுக்குத் தாழ்ந்த நிலையில் உள்ளவர் என்று பொருள் சொல்கிறது. அந்தத் தாழ்வின் அளவைச் சர்ச்சிலே 1930-ல் எழுதிய இளமைக்கால நினைவு நூலில் கணக்காகத் தந்திருக்கிறார். நாளுக்கு 14 ஷில்லிங் சம்பளம். வீட்டிலிருந்து ஆண்டுக்கு 500 பவுண்டு. பெங்களூரில் மூன்று சபால்டர்ன்கள் சேர்ந்து ஒரு பங்களாவில் குடியிருந்தார்கள். பட்லர், உடை எடுத்துத் தரும் பையன், குதிரைக்காரன் எல்லாம் ஆளுக்கு ஆள் தனி. இவர்கள் போக, மூவருக்கும் பொதுவாக 2 தோட்டக்காரர், 3 தண்ணீர்க்காரர், 4 வண்ணார், 1 காவலாள். இந்தப் பட்டியலில் எண்ணிக்கை உண்டு, பெயர் இல்லை.

படையின் ஏணியில் கீழ்ப்படியில் நின்றவருக்குக் கீழே இத்தனை பேர் என்பதில் முரண் ஏதும் இல்லை. சொல் பிறந்தபோதே அதன் பொருள் அதுதான். 6-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போயதியஸ் என்ற ரோமானிய அறிஞர், கிரேக்கத் தர்க்க நூல் ஒன்றை லத்தீனுக்குக் கொண்டுவந்தார். உயிருள்ளவை என்ற வகைக்குள் விலங்கு அடங்கும். விலங்கு என்ற வகைக்குள் மனிதன் அடங்குவான். விலங்கு என்பது ஒன்றுக்குக் கீழ், இன்னொன்றுக்கு மேல். இப்படி இடையில் நிற்கும் வகையைத்தான் சபால்டர்ன் என்றார்கள். தர்க்க வகுப்பிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல், 17-ஆம் நூற்றாண்டில் பாசறைக்குள் நுழைந்தது. இந்தச் சொல்லை எங்கே கண்டாலும், இதற்குக் கீழே யார் என்று கேட்பது நல்லது.

ஹைதராபாத்தில் அந்தக் கேள்விக்கு முதல் விடை சுபேதார். 1798-ல் நிஜாம் கிழக்கிந்தியக் கம்பெனியோடு துணைப்படை ஒப்பந்தம் செய்துகொண்டார். அந்தப் படை தங்கிய இடம் 1806-ல் நிஜாம் சிக்கந்தர் ஜாவின் பெயரால் செகந்திராபாத் ஆனது. அங்கே வந்து தங்கியவர்களில் பெரும்பாலோர் சென்னைப் படையின் சிப்பாய்கள். ஒரு சிப்பாய் பல ஆண்டுகள் உழைத்து ஹவில்தாராகி, ஜமேதாராகி, தலை நரைத்தபின் சுபேதாராவார். இந்தியர் தொடக்கூடிய உச்சம் கிட்டத்தட்ட அதுதான். ஆனால் இங்கிலாந்திலிருந்து நேற்று வந்த சபால்டர்ன் அவருக்கு மேல். மீசை அரும்பாத பையன் உத்தரவிட, போர் பல கண்ட கிழவர் சல்யூட் அடிக்க வேண்டும். சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரியில் இந்தியருக்கு ஆண்டுக்கு 10 இடங்கள் ஒதுக்கப்பட்டதே 1918-ல்தான். அதையொட்டியே இந்தியரும் சபால்டர்ன் ஆக முடிந்தது.

அந்த வாசல் வழியாக 1928-ல் அதிகாரியானவர் ஜே.என். சௌதுரி. 1948 செப்டம்பரில் இந்தியப் படை ஹைதராபாத் சமஸ்தானத்துக்குள் நுழைந்தபோது தலைமை தாங்கியவர் இவர்தான். அந்த நடவடிக்கைக்கு வைத்த பெயர் ஆபரேஷன் போலோ. சில நாட்களில் நிஜாம் பணிந்தார். பணிய மறுத்தவர்கள் தெலங்கானா கிராமத்து உழவர்கள். அவர்களோடான சண்டை 1951 வரை நீண்டது.

அந்த உழவர்களின் நிலையைச் சொல்ல ஊரில் ஒரு வாக்கியமே இருந்தது: "பாஞ்சன் தொர, நீ கால்மொக்குதா." நான் உன் அடிமை, உன் காலில் விழுகிறேன் என்பது பொருள். தேஷ்முக் எனப்பட்ட நிலப்பிரபுவின் முன் இப்படிச் சொல்லிவிட்டுத்தான் வாய் திறக்க வேண்டும். ஊரின் ஒவ்வொரு தொழிற்சாதியும் அவருக்குக் கூலியில்லாமல் வெட்டி வேலை செய்தது. சலவைத் தொழில் செய்யும் சாகலி சாதியில் பிறந்த ஐலம்மா, பாலகுர்த்தி ஊரில் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பயிரிட்டார். விஸ்னூர் தேஷ்முக்கின் ஆட்கள் விளைச்சலை அள்ள வந்தபோது, ஆந்திர மகாசபையின் சங்கத்தாரைத் துணைக்கு வைத்துக்கொண்டு தானியத்தைத் தன் வீட்டுக்குக் கொண்டு சேர்த்தார். 1946-ல் வெடித்த ஆயுதப் போராட்டத்துக்கு முன்னோடியாக இந்தச் சம்பவத்தை இன்றும் சொல்கிறார்கள்.

அவரைப் போன்றவர்களைக் குறிக்க சபால்டர்ன் என்ற சொல் அதற்குள் வேறொரு நாட்டில் தயாராகிக்கொண்டிருந்தது. முசோலினியின் சிறையில் இருந்த அந்தோனியோ கிராம்ஷி, 1934-ல் எழுதிய குறிப்பேட்டில் வரலாற்றின் ஓரத்தில் தள்ளப்பட்ட கூட்டங்களைச் சபால்டர்ன் குழுக்கள் என்றார். அங்கிருந்து அதை எடுத்துவந்தவர் வங்க வரலாற்றாசிரியர் ரணஜித் குஹா. 1982-ல் வெளிவந்த 'சபால்டர்ன் ஸ்டடீஸ்' முதல் தொகுதியின் முன்னுரையில், ஆக்ஸ்ஃபோர்டு அகராதி தரும் தாழ்ந்த நிலை என்ற பொருளையே அவர் எடுத்துக்கொண்டார். வர்க்கம், சாதி, வயது, பால், பதவி என எதனால் வந்த தாழ்வும் அதில் அடங்கும் என்று சேர்த்தார். அதே தொகுதியில் டேவிட் அர்னால்டு ஆந்திர மலைநாட்டின் கூடெம்-ரம்பா கிளர்ச்சிகளைப் பற்றி எழுதினார். 1876-78 சென்னை மாகாணப் பஞ்சத்தில் உழவர்கள் நினைத்ததையும் செய்ததையும் பற்றிய அவருடைய கட்டுரை 3-வது தொகுதியில் வந்தது. வெள்ளை அதிகாரியின் பதவிப் பெயர், அவன் துரத்திச் சென்ற கலகக்காரனின் பெயராகிவிட்டது.

அப்போதும் கீழே ஆட்கள் இருந்தார்கள். தொடக்ககாலத் தொகுதிகளில் உழவர் என்றால் பெரும்பாலும் ஆண். சாதி பேசப்பட்டாலும் தலித்துகள் எழுத்தாளர்களாக இல்லை. இந்த இரண்டு குறைகளையும் முகத்துக்கு நேரே காட்டிய ஊர் ஹைதராபாத்.

ஸ்திரீ சக்தி சங்கடனா என்ற அந்நகரப் பெண்கள் குழு, தெலங்கானாப் போராட்டத்தில் பங்கெடுத்த பெண்களை ஊர் ஊராகத் தேடிப்போய்ப் பேசவைத்துப் பதிவு செய்தது. நாம் அறியாத நம் வரலாறு என்று பொருள்படும் தலைப்பில் அது 1986-ல் தெலுங்கில் நூலாகி, 1989-ல் ஆங்கிலத்திலும் வந்தது. ஐலம்மாவின் பேச்சும் அதில் உண்டு. நூல் வருவதற்கு முந்தைய ஆண்டே அவர் இறந்துவிட்டார். தூது போனதையும் துப்பாக்கி பிடித்ததையும் மட்டுமல்ல, போராட்டம் முடிந்ததும் வீட்டுக்குப் போங்கள் என்று கம்யூனிஸ்ட் கட்சி அனுப்பிவைத்ததையும் அந்தப் பெண்கள் சொன்னார்கள். கலகக்காரனுக்குக் கீழே கலகக்காரி இருந்தாள்.

அந்தக் குழுவில் இருந்த சூசி தாரு, தேஜஸ்வினி நிரஞ்சனாவுடன் சேர்ந்து எழுதிய கட்டுரை 1996-ல் 'சபால்டர்ன் ஸ்டடீஸ்' 9-வது தொகுதியில் வந்தது. மண்டல் குழுவின் இடஒதுக்கீட்டை எதிர்த்துத் தெருவுக்கு வந்த மேல்சாதி மாணவிகள், 1991-ல் தலித்துகள் கொல்லப்பட்ட சுண்டூர், சாராயக் கடைகளை மூடவைத்த நெல்லூர்க் கிராமத்துப் பெண்கள் என்று அது அடுக்கிக்கொண்டே போகிறது. பெண் என்ற ஒற்றைப் பெயருக்குள்ளும் மேல் கீழ் இருப்பதை அந்தக் கட்டுரை மறைக்கவில்லை. அதே தொகுதியில் உஸ்மானியா பல்கலைக்கழகத்தின் காஞ்சா ஐலய்யாவும் எழுதினார். ஆடு மேய்க்கும் குருமா சாதியில் பிறந்த அவர், தம் மக்களுக்கு இட்ட பெயர் தலித்பகுஜன். 2005-ல் வந்த 12-வது தொகுதி முஸ்லிம்களையும் தலித்துகளையும் தலைப்பிலேயே வைத்தது. அதன் பதிப்பாசிரியர் மூவரில் ஒருவர் நம் தமிழ்நாட்டு ஆய்வாளர் எம்.எஸ்.எஸ். பாண்டியன்.

கோட்பாட்டாளர் காயத்ரி ஸ்பிவாக் இந்தச் சொல்லுக்கு இன்னும் இறுக்கமான எல்லை போட்டார். சபால்டர்ன் பேச முடியுமா என்று 1988-ல் கேட்ட அவர், ஒடுக்கப்பட்ட எல்லோரும் சபால்டர்ன் அல்ல என்று பின்னர் விளக்கினார். சங்கம் வைத்துப் போராடும் தொழிலாளிக்கு ஒடுக்குமுறை உண்டு. ஆனால் அவர் குரல் போய்ச்சேர ஒரு வழியும் உண்டு. எந்த வழியும் இல்லாதவரே சபால்டர்ன். இடையில் நின்ற ஒன்றைக் குறித்த சொல் இப்படி அடிமட்டத்துக்கு வந்து சேர்ந்தது. தமிழில் அடித்தள மக்கள், விளிம்புநிலை மக்கள் என்று இருவிதமாக அதை எழுதுகிறோம்.

2009-ல் வந்த தம் நூலில் ஐலய்யா ஒவ்வொரு சாதியின் உழைப்புக்கும் ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். சாகலிகளைப் பற்றிய அத்தியாயத்துக்கு அவர் வைத்த பெயர் சபால்டர்ன் பெண்ணியவாதிகள். சர்ச்சிலின் பட்டியலில் பெயரில்லாமல் நின்ற தொழிலுக்கு, சர்ச்சிலின் பதவிப் பெயரே வந்து சேர 113 ஆண்டுகள் ஆயின. ஹைதராபாத் வந்தபோது சர்ச்சில் மனதைப் பறிகொடுத்த பமீலா, பிரிட்டிஷ் ரெசிடென்ட் பிளௌடனின் மகள். கோட்டியில் இருக்கும் அந்த ரெசிடென்ஸி மாளிகை பின்னாளில் பெண்கள் கல்லூரியாகி, பல்கலைக்கழகமாக வளர்ந்தது. 2024-ல் தெலங்கானா அரசு அதற்குச் சாகலி ஐலம்மாவின் பெயரைச் சூட்டியது.

பெயரில் வீரநாரி என்ற அடைமொழி உண்டு, சபால்டர்ன் இல்லை. இருக்கவும் முடியாது. மேலே நிற்பவர் ஒருவரை வைத்து அளந்தால்தான் அந்தச் சொல்லுக்குப் பொருள் வரும். தெலங்கானாப் பெண்கள் தங்களைச் சங்கத்தார் என்றார்கள், ஐலய்யா தலித்பகுஜன் என்றார். தாழ்ந்தவர் என்ற பெயரைத் தானே கூச்சமில்லாமல் சொல்லிக்கொள்ள, கீழே நாலு பேராவது இருக்க வேண்டும் போலிருக்கிறது. ராணுவத்தில் இன்றும் மூத்த அதிகாரிகள், நான் சபால்டர்னாக இருந்தபோது என்று பெருமையோடு பேச்சைத் தொடங்குகிறார்கள்.